கெட்டிமேளம்



இந்த வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். வசதியான குடும்பம், எதிலும் குறை வைக்கவில்லை. மேளக்காரர்களை மட்டும் காணோம். புரோகிதர் விரலை உயர்த்தியதும் ஒலிபெருக்கியில் பதிவு செய்த கெட்டிமேளம் வந்தது. அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. அட்சதை போடும்போது எனக்கு என் தவில்கார நண்பர் நினைவுதான். அவர் இப்போது இல்லை.

முகூர்த்தத்துக்கு முன்னால் அவர் கூடு மாட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். துணியைப் பசை தடவிச் சுற்றிக் காயவைத்த கெட்டிக் கூடுகள். வலக்கை விரல்களில் ஒவ்வொன்றாகச் செருகி, வலந்தலையில் மெல்லத் தட்டிப் பார்த்து, தலையசைத்தபின்தான் இடக்கையில் கழியை எடுப்பார். சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை மல்லாரிக்கு அவர் வாசிப்பதைக் கேட்கவே தெருக்கோடி வரை கூட நடப்பேன். நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்துவிட்டார். நண்பர் அவரை நேரில் கேட்டதில்லை. ஆனால் இசைத்தட்டில் கேட்ட அந்தத் தோடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும்.

கெட்டிமேளம் எப்படி அவ்வளவு சரியாக விழுகிறது என்று ஒருமுறை கேட்டேன். "ஐயர் விரலைப் பார்த்துக்கிட்டிருந்தா அரை நொடி பிந்திடும்யா. மாப்பிள்ளை கையிலே இருக்கணும் கண்ணு" என்றார். அந்த நேரத்தில் ஒரு தும்மலோ அழுகையோ பெண்ணின் காதில் விழக்கூடாது என்பதில் பெண்ணைப் பெற்றவருக்கு இருக்கிற கவலை அவருக்கும் இருந்தது. முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணத்திலும் அப்படித்தான்.

பதிவு செய்த மேளத்துக்குக் கண் ஏது? மேடை அலங்காரத்துக்குக் கேட்டதைக் கொடுக்கிறோம். மேளம் என்றால்தான் பேரம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிற நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம் பக்கத்தில் எல்லோருக்கும் பெருமை. வாசிக்கிறவரை வீட்டுக்கு அழைக்காமல் அது என்ன பெருமை?

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களே, பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே உங்கள் ஊர் மேளக்காரருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். மணவறை நன்றாகத் தெரிகிற இடத்தில் அவர்களை உட்காரவையுங்கள். சாப்பாட்டுக்கு அவர்களைக் கடைசிப் பந்தி வரை காக்கவைக்காதீர்கள்.