பழைய பாட்டும் பிற்பாட்டும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையிலே, தான்தோன்றீஸ்வரர் கோயிலை நடுவே கொண்டு விளங்கும் கொக்கட்டிச்சோலையிலும், அதனை அடுத்த முனைக்காடு, மகிழடித்தீவு, முதலைக்குடா முதலிய ஊர்களிலும், வயல் வேலை ஓய்ந்த மாதங்களில் கூத்துப் பழகும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. கூத்துப் பயிற்றும் ஆசானாகிய அண்ணாவியார் கூத்துக் கொப்பியைப் பார்த்து, ஆளுக்காள் சட்டம், அதாவது அவரவர் பாடவேண்டிய பகுதி, கொடுப்பார். மாதக்கணக்கில் தரு எனப்படும் கூத்துப் பாட்டும் ஆட்டமும் பழகப்படும். சதங்கை அணிந்து, அடுக்கு என்னும் ஒத்திகை பார்த்து, ஈற்றில் வட்டக்களரியில் ஓரிரவு முழுவதும் அரங்கேற்றம் நிகழும். அவ்விரவில் ஆடப்படுவது பெரும்பாலும் புதிய கதையன்று; பாட்டன் ஆடிய அருச்சுனனைப் பேரன் ஆடுகிறான். களரியைச் சூழ்ந்திருப்போர் அதைக் கண்டு, இது அசலா நகலா என்று வினவுவதில்லை. ஒருமுறை பாடியதை என்றும் மாறாத வடிவில் காத்துவைக்கும் இசைத்தட்டு என்னும் சாதனம் தோன்றிய பின்னரே, அவ்வினா தர்மசங்கடமான ஒரு வினாவாக உருக்கொண்டது: இளமையில் பாடி, உலகம் முழுவதும் நெஞ்சில் ஏற்றுக்கொண்ட ஒரு பாட்டை, அதே கலைஞர் முதுமையில் மீண்டும் பாடிப் பதிவுசெய்வது நியாயமாகுமா?

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிய ஒரு சம்பவம் அண்மைக் காலத்தது. 1973 மார்ச்சில் பிங்க் ஃபுளொயிட் என்னும் ஆங்கில றொக் இசைக்குழு ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. காலம், பணம், பேதலிப்பு, மரணம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட அதன் பாடல் வரிகள் யாவும் குழுவினருள் ஒருவராகிய றோஜர் வோட்டர்ஸ் எழுதியவை. அப்பொழுது அவருக்கு வயது 29. அரை நூற்றாண்டு கழிந்து, 2023 ஒக்டோபரில், 80 வயதை எட்டிய அவர், பழைய தோழர் எவரையும் சேர்க்காமல், அத்தட்டு முழுவதையும் மீண்டும் பதிவுசெய்து வெளியிட்டார். அக்குழுவின் டேவிட் கில்மோருடைய புகழ்பெற்ற கிற்றார் வாசிப்புகள் அதில் இல்லை. அவை இருந்த இடங்களிற் பலவற்றை முதியவர் ஒருவரின் தாழ்ந்த பேச்சுக்குரல் நிரப்பிற்று. கேட்டவர்களுள் சிலர் அதனை ஞானமுதிர்ச்சி என்று போற்றினர்; சிலர் பொது உடைமையாகிவிட்ட ஒன்றின்மேல் தனி மனிதர் ஒருவர் செய்த அத்துமீறல் என்று கொதித்தனர்.

கலைஞரின் பக்கத்து நியாயம் எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. மரணத்தைப் பற்றி 29 வயதில் எழுதுபவன் கேள்வியறிவால் எழுதுகிறான். 80 வயதில் அதே வரியை உச்சரிப்பவன், நண்பர்களைச் சுடுகாட்டிற்கு அனுப்பிவிட்டு வந்த வாயால் உச்சரிக்கிறான். சொல் ஒன்றே எனினும் சொல்லுபவன் ஒருவனல்லன். வோட்டர்ஸ் பிறந்த அதே 1943ஆம் ஆண்டில் பிறந்த கனடியப் பாடகி ஜோனி மிட்செல், ‘போத் சைட்ஸ் நவ்’ என்னும் தம் பாட்டை 1969இல் தெளிந்த உயர்குரலில் பதிவுசெய்தார். வாழ்க்கையை இருபுறமும் பார்த்துவிட்டதாகக் கூறும் அப்பாட்டு, இருபதுகளில் இருந்த ஒரு பெண்ணின் வாயில் அழகான கற்பனையாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டில், தடித்துத் தாழ்ந்துபோன குரலோடு, பெரிய வாத்திய இசைக்குழுவின் நடுவே அவர் அதனை மீண்டும் பாடியபொழுது, கற்பனை சாட்சியமாக மாறிற்று. பாட்டு தன் பொருளை அடைவதற்கு முப்பது ஆண்டுகள் காத்திருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. இத்தகைய மறுபாடலைத் தடுக்கும் அறம் எதுவும் இருத்தல் இயலாது.

உடைமை பற்றிய நியாயம் மற்றொன்று. இசைத்தட்டு வியாபாரத்தில், பாட்டை இயற்றியவருக்குரிய உரிமை வேறு, பதிவுசெய்யப்பட்ட ஒலியின் உரிமை வேறு. பின்னது பெரும்பாலும் கம்பெனியிடமே தங்கிவிடுகிறது. 2019இல் தம் முதல் ஆறு இசைத்தட்டுகளின் மூலப்பதிவுகள் தம் விருப்பத்துக்கு மாறாகக் கைமாறியபொழுது, அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், 2021 முதல் 2023 வரை அவற்றுள் நான்கைத் தாமே மீண்டும் பதிவுசெய்து, ஒவ்வொன்றின் பெயரோடும் இது தம்முடைய வடிவம் என்ற குறிப்பைச் சேர்த்து வெளியிட்டார். 2025இல் மூலப்பதிவுகளையே விலைக்கு மீட்டுக்கொண்டார். உழுதவன் தன் வயலின் விளைச்சலைக் கேட்பதுபோன்ற இக்கோரிக்கையில் குற்றம் காண்பதற்கு இடமில்லை. 2012இல், கம்பெனியோடு ஏற்பட்ட பிணக்கினால் தம் பழைய பாட்டுகளை இம்மியும் பிசகாமல் மீண்டும் பதிவுசெய்த டெஃப் லெப்பர்ட் என்னும் றொக் குழுவினர், அவற்றைப் போலிகள் என்றே தம் வாயால் கூறினர். போலியைப் போலி என்று கூறிய அந்த வாய்மை, செயலின் வியாபார நோக்கத்தையும் ஓரளவு சுத்தப்படுத்திவிடுகிறது.

இனி, கேட்போரின் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு பாட்டைக் காதலித்த காலத்தில் கேட்டவர் உண்டு. தாய் இறந்த வாரத்தில் கேட்டவர் உண்டு. அகதிமுகாமின் இரவில், அயலவர் ஒருவரின் வானொலிப் பெட்டியிலிருந்து கேட்டவரும் உண்டு. 1970களில் இலங்கைத் தமிழரிடையே பொப் இசை பரவிய நாள்களில் ஏ.ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’, கேட்டவர் மனத்தில் ஒரு பாட்டாக மட்டும் தங்கவில்லை. போருக்கு முந்திய ஒரு நாட்டின் மாலைப்பொழுதாகவே தங்கிவிட்டது. பாடகருக்கு வயது ஏறினாலும் பாட்டுக்கு வயது ஏறலாகாது என்று கேட்போர் விரும்புவது இதனாலேயே. ஆயினும் இவ்விருப்பம் அன்பின் விண்ணப்பமேயன்றி உரிமையின் கட்டளையன்று. பழைய பதிவு அழிக்கப்படாமல் இருக்கும்வரை கேட்போர் எதனையும் இழப்பதில்லை. தம் ஞாபகத்துக்குக் காவலனாக ஒரு கலைஞன் என்றும் இளைஞனாகவே நிற்கவேண்டும் என்று கேட்பது, அவனைச் சிலையாக்கிவிடுகிற வேண்டுகோளாகும்.

எனவே, கலைஞனுக்கும் கேட்போருக்கும் இடையில் மட்டும் வழக்கை வைத்துப் பார்த்தால், தீர்ப்பு கலைஞன் பக்கமே சாயும். ஆனால் இந்த வழக்கில் மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. அது பெரும்பாலும் மன்றுக்கு அழைக்கப்படுவதேயில்லை. பாட்டின் சொல் ஒருவருடையதாகலாம், பதிவு ஒருவருடையதன்று. பிங்க் ஃபுளொயிட்டின் 1973ஆம் ஆண்டுத் தட்டில் சொற்களே இல்லாமல் ஒரு பெண்குரல் ஓலமிட்டு எழுந்து அடங்குகின்ற பகுதி ஒன்று உண்டு. அதைப் பாடியவர் கிளேர் டொறி. கூலி 30 பவுண். அவர் 2004இல் வழக்குத் தொடுத்த பின்னர், 2005இல் சமாதானம் ஏற்பட்டு, அப்பகுதியை இயற்றியோருள் ஒருவராக அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. ஒரு மனிதரின் மூச்சு கூலியாக எண்ணப்பட்டதிலிருந்து சிருஷ்டியாக ஒப்புக்கொள்ளப்படுவதற்கு முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஆயின. அப்பகுதிக்குரிய இசையை அமைத்த, குழுவின் றிச்சர்ட் றைட் 2008இல் காலமானார். 2023இன் மறுபதிவில், அந்தப் பெண்குரல் எழுந்த இடத்தில், மரணப்படுக்கையில் இருந்த ஒரு கவிஞரைப் பற்றிய முதியவரின் பேச்சு ஒலிக்கிறது. அப்பேச்சு நெகிழ்ச்சியானதே, எனினும், அந்த இடத்தில் முன்பு நின்றவர் யார் என்ற வினாவை அது கேட்போர் நெஞ்சில் விட்டுச்செல்கிறது.

அறத்தின் பாரம் தங்குமிடம் இதுவே. பழைய பதிவு என்பது இல்லாதவரின் இருப்பிடம். இறந்துபோன கையொன்று அங்கே இன்னும் மத்தளத்தில் விழுகிறது. பிரிந்துபோன நண்பனின் குரலொன்று அங்கே இன்னும் பிரியாமல் இருக்கிறது. புதிய பதிவு செய்பவர் தம் குரலைத் தம் குரலால் மாற்றும்பொழுது தமக்குரியதையே செலவிடுகிறார்; தோழரின் கைவேலையை அகற்றிவிட்டுத் தாமே அனைத்துமாய் நிற்கும்பொழுது பிறர்க்குரியதைச் செலவிடுகிறார். மறுபாடலைத் தூண்டும் எண்ணம், ‘அன்று நாம் செய்ததை இன்று நான் காணும் விதம் இது’ என்பதாயின், அது தியானம். ‘அன்று நாம் செய்தது உண்மையில் நான் மட்டுமே செய்தது’ என்பதாயின், அது அபகரிப்பு. இரண்டுக்கும் ஓசையில் பேதம் இல்லாதிருக்கலாம். அறத்தில் உள்ள பேதம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

இந்தப் பேதத்தைப் படுவான்கரையின் கூத்துமரபு நெடுங்காலமாக அறிந்து வந்திருக்கிறது. ஆடலும் பாடலும் காற்றில் கரைந்துபோகும் அக்கலைக்கு மறுபடி ஆடப்படுவதைத் தவிர வேறு ஜீவனம் இல்லை. ஆனால் மறுபடி ஆடுவதில் ‘நான்’ என்னும் சொல்லுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. அண்ணாவியார் தம் ஆசானிடமிருந்து பெற்ற கொப்பியைக் கையில் ஏந்துகிறார். ஆடுபவனுக்குப் பின்னே நின்று சபையோர் தருவை வாங்கிப் பிற்பாட்டுப் பாடுகின்றனர். மத்தளமும் சல்லரி என்னும் தாளமும் இல்லையேல் ஆட்டத்துக்கு அடியே இல்லை. அரங்கேற்றம் முடிந்த பின்னர் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும், இக்கலை ஊராரின் உதவியால் விளைந்தது என்பதற்கு ஊரார் முற்றத்திலேயே செலுத்தப்படும் நன்றியன்றி வேறென்ன?

பேராசிரியர் சி. மௌனகுருவின் வாழ்க்கையில் இதற்கு நேரான ஒரு சரித்திரம் உண்டு. இவரும் 1943இல் பிறந்தவரே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்து தொடக்கிவைத்த முயற்சியின் தொடர்ச்சியாக, அப்பத்தாண்டின் நடுவில் மாணவராயிருந்த மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’ அரங்கேறிற்று. பல பத்தாண்டுகள் கழித்துக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியராக விளங்கியபொழுது, அவர் அதே நாடகத்தை மீண்டும் கையில் எடுத்தார். ஆனால் இளமையில் ஆடிய வேடத்தை முதுமையில் தாமே தரித்துக்கொண்டு நிற்கவில்லை. இளைய தலைமுறையினர் ஆட, அவர் நெறிப்படுத்தினார். மறுபாடலின் மாண்புமிக்க வடிவம் இதுவென்று துணிந்து கூறலாம். மேடைக்காகச் சுருக்கப்படும் கூத்து ஊரிலிருந்து விலகிப்போகிறது என்று எண்ணிய கூத்துச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் அவரைச் சார்ந்தோரும், 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் மட்டக்களப்பு சீலாமுனையில் ஊராரோடு கூடியிருந்து, பெண்களையும் சாதிகளையும் தாழ்த்தும் பழைய வரிகளை விவாதித்து மாற்றும் மீளுருவாக்கப் பணியைச் செய்தனர். இவ்விரு வழிகளுக்குமிடையே அபிப்பிராய பேதம் உண்டு. இரண்டிலும் பழையது ஒரு தனி மனிதரின் பெருமைக்காக மீட்கப்படவில்லை என்பதே இங்கு கருதற்பாலது.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். பதிவே இல்லாத கலையின் நீதியைப் பதிவையே உயிராகக் கொண்ட கலைக்குப் பொருத்துவது எங்ஙனம்? கூத்தில் புதியது பழையதற்கு வாரிசு. இசைத்தட்டில் புதியது பழையதற்குப் போட்டி அன்றோ? ஆட்சேபத்தில் உண்மை உண்டு. ஆயினும் அவ்வுண்மை கடமையைக் கூட்டுகிறதேயன்றிக் குறைப்பதில்லை. பழையது அழிந்துபோகும் கலையிலேயே முன்னோர் இவ்வளவு நினைக்கப்படுகின்றனர் என்றால், முன்னோரின் குரல் அழியாமல் கையருகே இருக்கும் கலையில் அவரை மறப்பதற்கு மன்னிப்பு ஏது? ஆதலால், பாடிய பாட்டை மீண்டும் பாடுவோர் மூன்று கடன்களை ஏற்றாக வேண்டும்: பழைய பதிவை மறைக்கவோ நீக்கவோ முயலாமை, புதியதைப் பழையதென்று விற்காமை, அன்று உடன்நின்றவரின் பெயரையும் பங்கையும், உயிரோடிருப்பினும் இல்லையாயினும், வெளிப்படச் சொல்லுதல். இம்மூன்றனுள் முதலிரண்டையும் சட்டமும் சந்தையும் ஓரளவு காவல்செய்யக்கூடும். மூன்றாவதற்குக் காவல் மனச்சாட்சி ஒன்றே.

இல்லாதவரை நினைத்தல் என்பது கொக்கட்டிச்சோலையில் அலங்காரமான சொல்லன்று. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் இப்பிரதேசத்தில் நிகழ்ந்த படுகொலைகள், களரியைச் சூழ்ந்திருக்க வேண்டிய மனிதர் பலரை ஒருசில நாள்களில் அகற்றிவிட்டன. அதன் பின்னரும் இங்கே மத்தளம் ஒலிக்கிறது. பழகிய தருக்கள் மீண்டும் பாடப்படுகின்றன. அவ்வொலியில் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டோம் என்ற இறுமாப்பு இல்லை. விட்டுச்சென்றவர்களின் இடத்தில் நின்று ஆடுகிறோம் என்ற அடக்கமே இருக்கிறது.

இன்றும் இவ்வூர்களின் களரியில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அருச்சுனனாக ஆடி ஊரை வியப்பிலாழ்த்திய முதியவர், முழங்கால் தளர்ந்த காலத்தில், சல்லரியைக் கையிலேந்திச் சபையோரோடு நிற்கிறார். களரியின் நடுவே இளைஞன் ஒருவன் அவருடைய தருவைப் பாடி ஆடுகிறான். அவன் ஓரடி பாடி நிறுத்த, அவர் அதனை வாங்கிப் பின்னே பாடுகிறார். அவரும் தம் பழைய பாட்டை மீண்டும் பாடுகிறவரே. ஆனால் இளைஞனுடைய மூச்சுக்கு இடம்விட்டுப் பாடுகிறார்.