செல்லுக்கு வெளியே இருப்பது

'நான்' எங்கே முடிகிறது? எல்லையே மாயை என்கிறது அத்வைதம். உயிர்களும் உலகும் தனித்தனி உண்மைகள், ஆயினும் அனைத்தும் இறைவனுக்கு உடல் என்கிறது ராமானுஜர் மரபு. செல்சவ்வை எண்ணும்போது இரண்டாவது விடையே எனக்கு வலுவாகப் படுகிறது. சில நானோமீட்டர் தடிமனுள்ள அந்தக் கொழுப்பு இரட்டைப் படலம் மாயையல்ல. சிதைந்தால் செல் சாகும். மதிற்சுவரும் அல்ல, 1972இல் அறிவியலாளர்கள் சிங்கரும் நிக்கல்சனும் விளக்கியபடி, புரதங்கள் மிதந்து நகரும் திரவப் பரப்பு அது. அதிலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு, ஆற்றல் தரும் ஓர் ஏடிபி மூலக்கூறைச் செலவழித்து 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. தனித்திருப்பதற்கே ஓயாத உழைப்பு வேண்டியிருக்கிறது.

உப்பை வெளியே தள்ளுவது உயிரின் இயல்பென்றால், திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் செய்ததும் அதுதானே என்று ஒருவர் மறுக்கலாம். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு கழிவுநீரோடு நொய்யல் ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசன நிலங்களை உவராக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆனால் அந்த மறுப்பு நிற்காது: செல்லுக்கு வெளியே இருப்பது உடலுக்கு உள்ளே இருக்கிறது. அங்குள்ள சோடியத்தைச் சிறுநீரகம் சமன்செய்கிறது; அது தவறினால் உப்பைத் தள்ளிய செல்லும் பிழைக்காது. இயற்கையிலிருந்து அறத்தை நேராக வடித்துவிட முடியாது, உண்மைதான். வெளியேற்றியதோடு பொறுப்பு தீர்ந்தது என்பதற்கு உயிரியலைச் சாட்சிக்கு அழைக்கவும் முடியாது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) சவ்வுகள் நீரை மீட்டு, மீண்டும் இயங்கும் பட்டறைகளுக்கே திருப்புகின்றன. உப்புக்கரைசலும் மறுபடி சாயமேற்றவே பயன்படுகிறது. மீதமாகும் கலப்பு உப்புக்குத்தான் இன்னும் சரியான போக்கிடம் இல்லை.