நாள்தோறும் துலக்க வேண்டிய பாத்திரம்

"சுவாமி, தினமும் ஜபம் செய்கிறேன், ஏகாதசி விரதமும் தவறியதில்லை. ஆனாலும் இரண்டு மாதங்களாக உறக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. எதற்காக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மருத்துவரிடம் போகலாம் என்கிறாள் மகள். மனத்துக்கு மாத்திரை சாப்பிட்டால், பகவானிடம் நமக்கு நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாதா?"

கொச்சி மட்டாஞ்சேரிப் பகுதியிலுள்ள கொச்சங்காடியில் வாழும் தமிழ் அம்மையார் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இவ்வாறு கேட்டார். "அம்மா, ஜபத்தை இன்னும் சற்று அதிகமாக்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். பக்தி கலந்த பதில்தான். ஆனால் தவறான பதில். 'எதற்காக இருக்க வேண்டும்' என்ற அவரது சொல் என் காதில் விழுந்ததே தவிர, நெஞ்சில் விழவில்லை. நல்லவேளையாக மகள் என்னைவிட விவேகத்துடன் நடந்துகொண்டாள். சிகிச்சை பெற்ற அந்த அம்மையார் சில மாதங்களில் தெளிந்த முகத்துடன் மீண்டும் வந்தார். "இப்போதுதான் சுவாமி, ஜபத்தில் மனம் நிற்கிறது" என்றார். அன்று நான் வெட்கினேன். அவரது கேள்வியை முதலிலிருந்து ஆராய வேண்டியதாயிற்று.

மனம் ஆன்மா அன்று

வேதாந்தம் மனத்தை ஆன்மாவாகக் கொள்வதில்லை. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் நான்கும் சேர்ந்த அந்தக்கரணம் ஒரு கருவியே. அது சூட்சும சரீரத்தைச் சேர்ந்தது, அறியப்படுவது. அதை அறிகின்ற சாட்சியே ஆன்மா.

சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாட்கள் உணவின்றி, தண்ணீர் மட்டும் அருந்தி இருக்கச் சொல்கிறார். பிறகு, கற்ற வேதங்களைச் சொல்லும்படி கேட்கிறார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை! உணவு உண்ட பின்னர் எல்லாம் திரும்பி வருகின்றன. மனம் உணவினால் ஆனது என்று தந்தை விளக்குகிறார். பன்னிரண்டு ஆண்டுகள் கற்ற வேதமே பட்டினியில் மறைந்தது என்றால், உறக்கமின்மையிலும் நோயிலும் துயரத்திலும் நம் மனம் தடுமாறுவதில் என்ன வியப்பு? அதில் வெட்கப்படுவதற்குத்தான் என்ன இருக்கிறது?

கண்ணுக்குக் கண்ணாடி அணிபவரை நாம் நாத்திகர் என்று சொல்வதில்லை. கருவி பழுதுற்றால் செப்பனிடுவது கடமை. மனநோய் ஆன்மாவின் களங்கமும் அன்று, பக்தியின் குறைவும் அன்று.

கொச்சங்காடி கற்பிக்கும் பாடம்

செப்பனிடுவது பழுது நேர்ந்த பிறகு செய்யும் வேலை. பேணுவதோ அன்றாடக் கடமை. இதைக் கொச்சங்காடியின் தெருக்களில் நடப்பவர் எளிதில் உணரலாம். மேற்கூரையில் செம்புத் தகடு வேய்ந்ததால் 'செம்பிட்ட பள்ளி' எனப் பெயர் பெற்ற பழமையான மசூதி இங்கே உள்ளது. நாளுக்கு ஐந்து முறை பாங்கு ஒலிக்கும்போது வியாபாரம் சற்று நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கே யூதர்களின் தொழுகைக்கூடமும் இருந்தது. 1344-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் கல்வெட்டை மட்டாஞ்சேரியின் பரதேசி யூதப் பள்ளியில் இன்றும் காணலாம். அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிவிட்டனர். வாரத்தில் ஒரு நாள் முழுவதும் தொழிலை நிறுத்தி ஓய்வது அவர்களது நெறி. மட்டாஞ்சேரியின் குஜராத்தி ஜைனர்களுக்கோ, 48 நிமிடங்கள் சமநிலையில் அமரும் 'சாமாயிகம்' என்னும் விரதம் உண்டு. நமக்குச் சந்தியாவந்தனமும் அந்தி விளக்கும் உள்ளன.

இவர்கள் அனைவரும் மிளகும் ஏலமும் துணியும் விற்று வாழ்ந்த வணிகர்களும் உழைப்பாளிகளும்தான். ஓய்வு கிடைத்தபோது மனத்தைக் கவனிக்கலாம் என்று அவர்களது சமயங்கள் விட்டுவிடவில்லை. அதற்கு முதலிலேயே நேரம் குறித்துவிட்டன. நாம் அந்த நேரங்களை ஒவ்வொன்றாக இழந்து, அவ்விடத்தில் கைப்பேசியை வைத்திருக்கிறோம். உணவிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் விழிப்பிலும் அளவு காப்பவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு செய்யும் சேவையும் சாதனையும் நெடுநாள் நில்லா.

நோய் வந்த பின்னர்

எவ்வளவு பேணினாலும் நோய் வரலாம். அப்போது மறைப்பதே பெருந்தீங்கு. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். பிரார்த்தனைத் தலத்துக்கு அவர்களை அழைத்து வந்தது தவறாகாது. சிகிச்சையை மறுத்ததும் சங்கிலியைப் பூட்டியதுமே தவறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அச்சங்கிலியைத் தடை செய்துள்ளது. ஆனால் 'ஊர் என்ன சொல்லும்' என்ற கண்ணுக்குத் தெரியாத சங்கிலியை எந்தச் சட்டத்தாலும் அறுக்க முடியாது.

எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் கேரளத்தின் நிலையைப் பாருங்கள். 2022-இல் இலட்சம் பேருக்கு நாட்டின் தற்கொலை விகிதம் 12.4, கேரளத்தில் 28.5. கல்வி மட்டும் மனத்தைக் காத்துவிடாது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

இத்துயரம் தீண்டாத குடும்பம் என்று ஒன்றில்லை. 1890-இல் பரிவிராஜகராக அல்மோராவில் இருந்த சுவாமி விவேகானந்தருக்கு, தம் சகோதரி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார் என்ற தந்தி வந்தது. மகானின் இல்லத்திலும் நிகழ்ந்ததை நம் இல்லத்தில் நிகழ்ந்தால் ஏன் மறைக்க வேண்டும்?

உடனிருப்பவர்களின் கடமை யாது? நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். பேணுபவரின் முதற்பணி கேட்பது. கீதையின் முதல் அத்தியாயம் அர்ஜுனனின் துயரத்துக்கென்றே அமைந்தது. அவன் உடல் நடுங்க, வில் நழுவப் புலம்பி முடிக்கும்வரை பகவான் குறுக்கிடவில்லை. உபதேசம் பின்னரே வருகிறது. அன்று நான் அந்த அம்மையாரிடம் செய்யத் தவறியதும் இதுவே. இன்று அத்தகைய சொல்லைக் கேட்டால் அவரை அமரச் செய்து, முழுவதும் கேட்டு, அன்றே மருத்துவ உதவிக்கு வழி செய்கிறேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். இந்த எண் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.

பொன்னும் செம்பும்

நிர்விகல்ப சமாதி எய்திய பின்னும் தியானம் எதற்கு என்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் தம் குரு தோதாபுரியிடம் கேட்டார். பளபளக்கும் தமது பித்தளைச் செம்பைக் காட்டி, நாள்தோறும் துலக்காவிட்டால் இது மங்கிவிடாதா என்றார் குரு. பாத்திரம் பொன்னாக இருந்தால் மங்காதே என்று புன்னகைத்தார் பகவான்.

அவரது மனம் பொன். நம்முடையது பித்தளை. அதனால் அதை வெறுக்க வேண்டியதில்லை. துலக்கினால் அதுவும் ஒளிரும். காலையில் சில நிமிட மௌனம், அளவான உறக்கம், மனம்விட்டுப் பேச ஓர் உறவு ஆகியவை போதும். கறை ஏறிவிட்டால் தயங்காமல் மருத்துவரை நாடுவோம். மருந்தும் அவன் அருளே. தெளிந்த நீரைத் தாங்கும் பாத்திரமாக நம் மனங்களை அவன் ஆக்கியருள்வானாக!