'நம்ம டீம்' என்பதில் நம்ம யார்?

சேப்பாக்கத்தில் சிக்சர் விழுந்தால், கூவம் கரையில் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருந்த எங்க மாமா குடிசைவரை சத்தம் வரும். டிக்கெட் எடுத்து அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை. ஆனாலும் 'நம்ம டீம்' என்றுதான் சொல்வார். எம்.ஏ. தமிழ் படித்து, கூட்டம் போட்டு, துண்டறிக்கை எழுதித் திரிகிற நானும் அப்படியேதான் சொல்கிறேன். இந்த 'நம்ம'வுக்குள் நாம் இருக்கிறோமா?

2015 டிசம்பர் வெள்ளம். கால்பந்து அணியான சென்னையின் எஃப்சி சொந்த ஊரில் ஆடவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். 20ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். 2-1 என்று தோற்றுக்கொண்டிருந்த டீம், கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று கோப்பையை வாங்கியது. எனக்குத் தொண்டை அடைத்தது, பொய் சொல்வானேன். அந்த வெள்ளத்தைக் காட்டித்தான் கூவம், அடையாறு கரைச் சனங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். மாமாவும் போனார். புனே போன டீம் ஊர் திரும்பியது.

சூதாட்ட விவகாரத்தில் இரண்டு வருசம் தடைபட்ட சென்னை சூப்பர் கிங்ஸ் 2018 ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்துக்கு வந்தது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு வெளியே போராட்டம். நானும் நின்றேன். பிடித்துக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். 203 எடுக்கணும்; கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் ஜடேஜா சிக்சர் அடித்தபோது, காவலுக்கு நின்ற போலீஸ்காரர் செல்போனை எங்களில் பாதிப்பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்கமாகத்தான் இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது.

'முதலாளி ஏலத்தில் எடுத்த ஆட்கள், இது போதை' என்பார்கள் தோழர்கள். சரிதான், ஆனால் போதாது. சேரிச் சனத்துக்கு ஒரு சின்ன சந்தோசம்கூட அரசியல் சுத்தமாகத்தான் வரணுமா? வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் சென்னையின் எஃப்சிக்கு ஆடியபோது அந்த 'நம்ம'வுக்கு ஒரு முகம் இருந்ததே. என் பயம் வேறு. 'சென்னை, சென்னை' என்று நான் கத்தும்போது, மாமாவைத் துடைத்துவிட்டு வரைந்த ஒரு சென்னைக்கும் சேர்த்துக் கைதட்டுகிறேனோ?

2025இல் சேப்பாக்கத்திலேயே வரிசையாக ஐந்து தோல்வி. முதல்முறையாகக் கடைசி இடம், பத்தாவது. அந்தச் சமயத்தில் பெரும்பாக்கம் போயிருந்தேன். நான்தான் புலம்பினேன்.

"வுட்றா. அவனுங்க ஏலத்துல வேற ஆள எடுத்துக்குவானுங்க" என்றார் மாமா.

"நீ இன்னும் பாக்குறியா மாமா?"

"பாக்காம? ஆனா இங்க சத்தம் வராதுடா. டிவிதான். கரண்டு போச்சுன்னா ஜெயிச்சானா தோத்தானான்னு காலையில டீக்கடைக்குப் போனாத்தான் தெரியும்."