பயணப் படத்தில் பேசாத மாந்தர்

ஹெவ்லொக் டவுனின் டிக்மன்ஸ் வீதி இன்று லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1956 இல் 'ரேகாவ' மூலம் சிங்களத் திரைப்படத்தைக் கலையகச் சுவர்களுக்கு வெளியே, கிராமத்து வெயிலுக்குக் கொண்டுசென்றவர் அவர். அவ்வீதியைக் கடக்கும்போதெல்லாம் நம்முள் ஒரு வினா எழுகிறது. ஓர் இடத்தைப் படம்பிடிப்பவர் அவ்விடத்து மனிதருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்?

கைத்தொலைபேசியுடன் எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் செல்லும் இளைஞருக்கு இன்று கதைசொல்லும் உத்திகள் போதிக்கப்படுகின்றன. முதற் காட்சியிலேயே ஆவலைத் தூண்டு. இடையில் ஒரு தடையை வை. இறுதியில் மனமாற்றத்தைக் காட்டு. உத்தி குற்றமன்று. கண்டதையெல்லாம் வரிசையாக அடுக்கினால் பார்ப்பவர் கொட்டாவிதான் விடுவார். ஆனால் இக்கதைகளின் நாயகன் யார்? பயணியே. கொழுந்து பறிக்கும் பெண்ணோ அவனுக்குப் பின்னால் தெரியும் ஒரு வண்ணம்.

இந்நோய் புதிதன்று. 1934 இல் பேசில் ரைட் என்ற ஆங்கிலேயர் இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக இங்கு வந்து படம்பிடித்தார். நான்கு சிறு பயணப் படங்களாகத் திட்டமிடப்பட்டது, நான்கு பாகங்கள் கொண்ட 'சோங் ஒவ் சிலோன்' ஆயிற்று. அதில் லயனல் வென்ட் வாசிப்பது, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை. தேயிலை இங்கு வணிகப் பயிரானதோ 1867 இல். தேயிலை விற்கும் சபையின் படத்துக்குத் தேயிலையையே காணாத காலத்தவர் வழிகாட்டி! தோட்டங்கள் என்றென்றும் இருந்தவைபோலத் தோன்ற இதைவிட நல்ல உத்தி வேண்டுமோ?

ஆயினும் ரைட்டுக்கு நியாயம் செய்யவேண்டும். மூன்றாம் பாகத்தில், உழைப்பின் காட்சிகள்மீது லண்டன் வணிகக் குரல்கள் விலை கூறுகின்றன. பணம் கொடுத்தவரின் படத்திலேயே பணத்தின் குரலை ஒலிக்கவிட்டது துணிவுதான். ஆனால் அங்கும் தோட்டத் தொழிலாளி பேசவில்லை. அவர் எங்கிருந்து வந்தார், எந்த லயன் அறையில் உறங்கினார் என்பது கதைக்கு வேண்டப்படவில்லை. 14 ஆண்டுகளின் பின், 1948 இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. படம் அதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. எனினும் இயற்கைக் காட்சியாகவே காணப்பட்டவரைக் கணக்கிலிருந்து நீக்குவது எளிதாயிருந்திருக்கும் அன்றோ?

மூன்று நாள் சுற்றுலா வந்தவர் அரசியல் பிரசுரமா எழுதவேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். வேண்டாம். படம் எங்கே காட்டப்படும் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லட்டும். அன்று எத்தனை கிலோ பறித்தார், கூலி எவ்வளவு என்பதை அவர் வாயாலேயே சொல்லவிட்டு, அதை வெட்டாமல் வைக்கட்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், கதையின் உச்சமே அக்காட்சியாயினும், கருவியை மூடிப் பைக்குள் வைக்கட்டும்.