பெயரா, சூடா?

'இஸ்ம்' என்னும் அரபுச் சொல் பெயரைக் குறிக்கும். அச்சொல்லின் வேர் யாது என்பதில் பஸராவின் இலக்கண அறிஞர்க்கும் கூஃபாவின் இலக்கண அறிஞர்க்கும் நெடுநாள் வழக்கு உண்டு. உயர்வு எனப் பொருள்படும் 'சுமுவ்' என்பர் முன்னவர். 'வஸ்ம்' என்பர் பின்னவர். ஒட்டகத்தின் மேனியில் காய்ச்சிய இரும்பால் இடும் உடைமைக் குறியே வஸ்ம். இலக்கண நெறியில் பஸராவினர் வாதமே வலிது. 'அஸ்மா' என்னும் பன்மை அதற்குச் சான்று. ஆயினும் இன்றைய கைப்பேசியை எண்ணுங்கால் கூஃபாவினர் கூற்றே நம் நெஞ்சில் நிற்கிறது.

கைப்பேசிச் செயலிகளை இயற்றுவோர், ஒருமுறை வந்த கருவி மறுமுறை வரும்போது இனங்காண விழைகின்றனர். விழைவில் குற்றமில்லை. ஒரு மாதம் இலவசமாகப் பயன்படுத்தியவர் செயலியை நீக்கி, மீண்டும் நிறுவி, புதியவர்போல் வந்து நிற்கிறார். வங்கிக் கணக்கினுள் அயலான் ஒருவன் வேறு கருவியினின்று நுழைகிறான். அடையாளம் வேண்டியதுதான், எத்தகைய அடையாளம் என்பதே வினா.

தொடக்க கால ஐஃபோன் ஒவ்வொன்றிலும் 40 குறிகள் கொண்ட மாறாத எண் ஒன்று இருந்தது. எச்செயலியும் அதனைப் படிக்கலாம். ஒருவரின் நோயை அறிந்த செயலியும் அவரது கடனை அறிந்த செயலியும் அவ்வெண்ணைக் கொண்டு தத்தம் ஏடுகளை ஒப்பிட்டால், அம்மனிதர் ஒருவரிடமும் சொல்லாத கதை முழுவதும் எழுதப்பட்டுவிடும். 2013 மே முதல், அவ்வெண்ணைப் படிக்கும் புதிய செயலிகளை ஆப்பிள் ஏற்க மறுத்தது. 2017-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஒரே கருவி வெவ்வேறு நிறுவனச் செயலிகளுக்கு வெவ்வேறு எண்ணைக் காட்டுகிறது. 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பில் சாதாரணச் செயலிகளுக்கு எட்டாததாயிற்று.

வாயில் அடைபட்டதும் சிலர் சாளரம் தேடினர். கருவியின் மாதிரி, மொழி, திரையளவு, நேர வலயம் முதலிய சிறு செய்திகளைக் கூட்டி, விரல்ரேகைபோல் ஒன்றை வனைந்து கொள்கின்றனர். உரியவர் இதனைக் காணவும் முடியாது, அழிக்கவும் முடியாது. "நாங்கள் பெயரைக் கேட்கவில்லையே, வெறும் எண்தானே" என்பது அவர்தம் வாதம். ஒட்டகத்திடமும் எவரும் பெயர் கேட்டதில்லை! உறங்குமிடம் வரை உடன்வரும் கருவியின் எண், உடையவரின் எண்ணேயாகும்.

செருப்புக் காப்பவர் தரும் வில்லையைப் பாருங்கள். அது அவர் வாசலில் மட்டுமே செல்லும். அடுத்த வாசலில் அதற்குப் பொருளில்லை. செயலியும் தானே ஓர் எண்ணை ஆக்கித் தன்னளவில் வைத்துக் கொள்ளலாம். பெரும்பாலான தேவைக்கு அது போதும். வங்கியோ, வாடிக்கையாளர் அறியவே கருவியைப் பதிவு செய்யட்டும். இலவச மாதத்தை இருமுறை துய்ப்பவரால் வரும் இழப்பு வணிகத்தின் இழப்பு. அதற்காக ஏனையோர் அனைவருக்கும் சூடிடுதல் தகாது என்பதே நம் துணிபு.

வில்லையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐஃபோனின் சாவிக்கொத்துப் பெட்டகத்தில் வைத்த எண், செயலியை நீக்கிய பின்னரும் பெரும்பாலும் எஞ்சி நிற்கிறது. நீக்கியவரோ தொடர்பு அற்றதென்று எண்ணுகிறார். செயலியை முதன்முதல் திறக்கும்போதே ஒரு வரியில் இதனைச் சொல்லிவிட இயற்றுநர்க்கு எந்தத் தடையும் இல்லை.