செய்து கொடுப்பதும் செய்ய விடுவதும்

‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்று ஒரு பழமொழி உண்டு. ‘பதறாத காரியம் சிதறாது’ என்று இன்னொன்றும் உண்டு. பிறருடைய சோம்பலைக் கண்டிக்க முதலாவதையும், நம்முடைய சோம்பலை மறைக்க இரண்டாவதையும் எடுத்துக் கொள்கிறோம். ஆனால் பிறருக்கு நன்மை செய்யப் புறப்படும்போது எதைக் கைக்கொள்வது?

இதில் கேள்விக்கே இடமில்லை என்று தோன்றலாம். தண்ணீர் இல்லாத ஊருக்குக் கிணறு வேண்டும். வெட்டிக் கொடுத்துவிட்டால் போயிற்று! ஊராரைக் கூட்டி வைத்துப் பேசிக் கொண்டிருப்பானேன்?

நம் நாட்டின் அநுபவம் ஒன்றைப் பார்ப்போம். 1952ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று 55 வட்டாரங்களில் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. ஜனங்களே முன்வந்து தங்கள் ஊரை உயர்த்திக் கொள்ள வேண்டும் என்பது அதன் உயிர்க் கருத்து. 1957-ல் அதை ஆராய்ந்த பல்வந்தராய் மேத்தா குழு, ஜனங்களின் சொந்த முயற்சியைத் தட்டி எழுப்பும் விஷயத்தில்தான் வெற்றி மிகக் குறைவு என்று கண்டது. அதில் வியப்பென்ன? கெடு வைத்துக் கணக்குக் கேட்கும்போது, அதிகாரிக்குக் கிணறு முக்கியமாகிவிடுகிறது. கிணற்றடியில் நிற்கும் மனிதன் இரண்டாம் பட்சமாகிவிடுகிறான்.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் அக்தர் ஹமீத் கான். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, வங்காளப் பஞ்சத்தைக் கண்டபின் பதவியை உதறியவர். சிறிது காலம் பூட்டுச் செய்யும் தொழிலாளியாகவும் வாழ்ந்து பார்த்தவர். 1980-ல் அவர் கராச்சி நகரத்து ஓரங்கிக்கு வந்தார். ஏழைகள் தாங்களே வீடு கட்டிக் குடியேறிய இடம் அது. கழிவு நீர் சந்துகளில் ஓடிக் கொண்டிருந்தது. வந்தவர் உடனே குழி தோண்டவில்லை. சந்து சந்தாக நடந்தார். ஜனங்களின் பேச்சைக் கேட்டார். சாக்கடையைச் சர்க்கார் இலவசமாகப் போட்டுத் தரும் என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

அவர் பணம் தர மறுத்தார். யோசனை சொல்லவும், அளந்து வரைபடம் போட்டுத் தரவும், செலவைக் கணக்கிடவும், கருவிகளை இரவல் கொடுக்கவும் மட்டும் சம்மதித்தார். இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்து தனக்குள் ஒருவரைப் பொறுக்கி, பணம் திரட்டி, வேலையையும் தானே முடிக்க வேண்டும். ஒரு சந்தைப் பார்த்து மறு சந்து முன்வந்தது. பல்லாயிரம் வீடுகளுக்கு இப்படியே சாக்கடை வந்தது. செலவோ, சர்க்கார் செய்திருந்தால் ஆகக்கூடியதில் ஒரு சிறு பங்குதான்.

கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆயினும் ஒரு தாய் குறுக்கே வந்து நின்று, “உங்கள் கூட்டம் கூடி முடிவதற்குள் என் குழந்தை பேதியில் போய்விட்டால்?” என்று கேட்டால், அவளுக்கு நாம் என்ன சொல்வது? பொறுமையின் விலையை எப்போதும் பொறுமையை உபதேசிப்பவன் கொடுப்பதில்லை. ஆகவே உயிருக்கு ஆபத்தென்றால் மருந்தோடு ஓட வேண்டியதுதான். அங்கே தாமதம் பாவம். ஆனால் மருந்து குழந்தையை இன்று காப்பாற்றும். வாசலில் தேங்கும் அழுக்கு நீர் நாளைக்கும் இருக்குமே! அதைப் போக்க, அந்தச் சந்து ஒன்றாகக் கூடியே தீர வேண்டும்.

அந்தக் கூட்டமும் தேவர்கள் சபை அல்ல. பணமுள்ளவன் உரக்கப் பேசுவான். சாதியில் உயர்ந்தவன் முன்னால் உட்காருவான். காசு கொடுக்க முடியாத விதவை கதவோரம் நிற்பாள். ‘ஊரே தீர்மானித்தது’ என்று சொல்லும்போது அவளையும் சேர்த்தா சொல்கிறோம்? ஒதுங்கி நின்று உதவுகிறவனுக்கு இங்கேதான் வேலை. அவளை உள்ளே அழைத்து உட்கார வைத்து, அவள் பேசி முடிக்கும்வரை மற்றவர்களைக் காத்திருக்கச் செய்ய வேண்டும். ஒரு மாதத் தாமதம் இதற்காக என்றால், அந்த மாதம் வீணானதல்ல.

செய்து கொடுப்பவனுக்குக் கல்வெட்டில் பெயர் கிடைக்கிறது. செய்ய விடுகிறவனுக்கு அது கூடக் கிடைப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, முதலாவது வகையினர் நம்மிடையே அதிகம். திறப்பு விழாவில் எல்லாச் சாக்கடையும் நன்றாகத்தான் ஓடும். அது அடைத்துக் கொள்ளும் நாளில், மனுவைத் தூக்கிக் கொண்டு கச்சேரிக்குப் போகாமல், “நம்முடையதல்லவா!” என்று கதவைத் திறந்து நாலு பேர் வெளியே வந்தால், அந்த நற்பணி நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம்.